வீட்டுக் கம்ப்யூட்டருக்கு யார் காவல்?

1. கோட்டையும் காவலும்

திருப்பதிக்கு அருகில் சந்திரகிரி இருக்கிறது. சந்திரகிரி என்றதும் கோட்டைதான் நினைவுக்கு வரும். மலையை ஒட்டிக் கட்டிய கோட்டை அது. சுற்றிலும் கல் மதில். மதிலை அடுத்து அகழி. உள்ளே ராஜா மகால், ராணி மகால், கோயில்கள். விஜயநகர மன்னர்கள் இங்கே இருந்து ஆட்சி செய்தார்கள்.

மதில் பலமானது. ஆனாலும் கோட்டை கை மாறியது. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுல்தானிடம் போனது. 18ஆம் நூற்றாண்டில் ஹைதர் அலியிடம் போனது. மதில் மட்டும் இருந்தால் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது. வாசலில் ஆள் விழித்திருக்க வேண்டும். மதிலில் ஓட்டை விழுந்தால் உடனே அடைக்க வேண்டும்.

இன்று பல வீடுகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. கணினி என்றும் அதைச் சொல்வார்கள். அதுவும் ஒரு சிறிய கோட்டைதான். பிள்ளைகளின் சான்றிதழ் அதில் இருக்கிறது. நிலப் பத்திரத்தின் நகல் இருக்கிறது. கல்யாணப் படங்கள் இருக்கின்றன. கடைக் கணக்கு இருக்கிறது. பாங்கிப் பணத்துக்கு வழியும் அதில்தான் இருக்கிறது.

இந்தக் கோட்டைக்கு யார் காவல்? காவலுக்கு எதை வைப்பது? காசு கொடுத்து வாங்க வேண்டுமா? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

2. 2017ஆம் ஆண்டு மே மாதம்

முதலில் உண்மையில் நடந்த ஒன்றைத் தெரிந்துகொள்வோம்.

2017 மே 12. வெள்ளிக்கிழமை. உலகத்தின் பல நாடுகளில் கம்ப்யூட்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக முடங்கின. திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று வந்தது. அதில் ஒரு மிரட்டல் இருந்தது. "உன் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம். திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு" என்பதே அதன் பொருள். பணத்தை பிட்காயினாகக் கேட்டார்கள். பிட்காயின் என்பது கம்ப்யூட்டர் வழியாக மட்டுமே கைமாறும் ஒரு வகைப் பணம். வாங்குபவர் யார் என்று கண்டுபிடிப்பது கடினம்.

அந்த மிரட்டலுக்குக் காரணமான மென்பொருளின் பெயர் வான்னாகிரை. சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் பல தவித்தன. நோயாளிகளின் விவரம் திறக்கவில்லை. அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள்.

எங்கோ வெளிநாட்டில் நடந்ததுதானே என்று நினைக்க வேண்டாம். ஆந்திரப் பிரதேசத்திலும் அது நுழைந்தது. சித்தூர், கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் மாவட்டங்களில் 18 காவல்துறைப் பிரிவுகளின் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. சந்திரகிரி அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில்தான் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. அதே மே மாதத்தில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில அலுவலகக் கம்ப்யூட்டர்களும் மாட்டின.

திருடனைப் பிடிக்கும் காவல்துறைக்கே இந்த நிலை. அப்படியானால் நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு?

3. மருந்து முன்பே வந்திருந்தது

வான்னாகிரை எப்படி நுழைந்தது? விண்டோஸ் என்ற அடிப்படை மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தது. மதிலில் ஒரு கல் பெயர்ந்து கிடப்பது போல. அந்த வழியாக உள்ளே புகுந்தது. யாரும் எதையும் திறக்க வேண்டியது இல்லை. எந்தப் பட்டனையும் அழுத்த வேண்டியது இல்லை. ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தால் போதும். அதோடு இணைந்த மற்றக் கம்ப்யூட்டர்களுக்குத் தானாகவே பரவியது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஓட்டையை அடைக்கும் வழி முன்பே வந்துவிட்டது. விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14 அன்றே அதை வெளியிட்டது. தாக்குதல் நடந்தது மே 12 அன்று. நடுவில் 59 நாட்கள் இருந்தன. இந்த 59 நாட்களில் அதை ஏற்றிக்கொண்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அந்த ஓட்டை அடைபட்டிருந்தது. ஏற்றிக்கொள்ளாதவை மாட்டின. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட இடங்கள் பல. ஆதரவு நின்றுபோன பழைய விண்டோஸ் வைத்திருந்த இடங்களும் உண்டு.

பரவல் எப்படி நின்றது தெரியுமா? இங்கிலாந்தில் மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர் இருந்தார். அவருக்கு அப்போது வயது 22. வான்னாகிரை எழுதப்பட்ட விதத்தை அவர் ஆராய்ந்தார். அது ஓர் இணைய முகவரியைத் தேடுவதைக் கண்டார். அந்த முகவரி யாருக்கும் சொந்தமாக இல்லை. சுமார் 10 டாலர் செலவில் அதைத் தம் பெயரில் பதிவு செய்தார். முகவரி இருப்பதைக் கண்டதும் வான்னாகிரை பரவாமல் நின்றுவிட்டது. ஆனால் முன்பே பூட்டிய ஃபைல்கள் பூட்டியே கிடந்தன.

வரும் முன் காப்பதே நல்லது. இதில் அது மிகவும் உண்மை.

4. கெடுக்கும் மென்பொருள் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் தானாக எதையும் செய்யாது. இதைச் செய், அதைச் செய் என்று யாராவது கட்டளை எழுதித் தர வேண்டும். அந்தக் கட்டளைகளின் தொகுப்புக்கு மென்பொருள் என்று பெயர். சாஃப்ட்வேர் என்றும் சொல்வார்கள். கடிதம் எழுத ஒரு மென்பொருள். கணக்குப் போட ஒரு மென்பொருள். படம் பார்க்க ஒரு மென்பொருள்.

கெடுதல் செய்யவும் மென்பொருள் எழுதலாம். அதுதான் கெடுக்கும் மென்பொருள். மக்கள் பொதுவாக வைரஸ் என்கிறார்கள். இது கிருமி அல்ல. தானாக முளைப்பதும் அல்ல. மனிதர் எழுதுவது.

1986இல் பாகிஸ்தானின் லாகூரில் அண்ணன் தம்பி இருவர் ஒன்றை எழுதினார்கள். அதன் பெயர் பிரெயின். சொந்த உபயோகத்துக்கான கம்ப்யூட்டர்களில் பரவிய முதல் வைரஸ்களில் அது ஒன்று. அந்தக் காலத்தில் வைரஸ் எழுதியவர் பலரும் திறமையைக் காட்டவோ விளையாட்டாகவோ எழுதினார்கள். இப்போது பெரும்பாலும் பணத்துக்காகவே எழுதுகிறார்கள்.

கெடுக்கும் மென்பொருளில் பல வகை உண்டு.

வைரஸ்: வேறு ஃபைலோடு ஒட்டிக்கொண்டு பரவும்.

புழு: ஒட்டிக்கொள்ள எதுவும் வேண்டாம். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தானே ஊர்ந்து போகும். வான்னாகிரை அப்படித்தான் பரவியது.

வேடதாரி: நல்ல மென்பொருள் போல வேடம் போட்டு வரும். நாமே உள்ளே விடுவோம். பிறகு வேலையைக் காட்டும். இதை ட்ரோஜன் என்பார்கள்.

ஒற்றன்: சத்தம் இல்லாமல் உட்கார்ந்து பாஸ்வேர்டைக் கவனிக்கும். யாருக்கோ அனுப்பும்.

பிணை கேட்பது: ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். ரான்சம்வேர் என்பது இதுதான்.

5. எந்த வழியாக வருகிறது?

திருடன் வரும் வழி தெரிந்தால் கதவைப் பூட்டுவது எளிது.

ஈமெயிலில் வரும். "உங்கள் பார்சல் நின்றுவிட்டது", "வருமான வரி நோட்டீஸ்" என்று எழுதியிருக்கும். கூடவே ஒரு ஃபைல் இருக்கும். திறந்தால் நுழைந்துவிடும்.

பென் டிரைவில் வரும். ஜெராக்ஸ் கடையிலும் போட்டோ கடையிலும் பலருடைய பென் டிரைவ் ஒரே கம்ப்யூட்டரில் ஏறி இறங்குகிறது. ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குத் தொற்றும்.

திருட்டு மென்பொருளில் வரும். காசு கொடுத்து வாங்க வேண்டியதைப் பூட்டு உடைத்துச் சிலர் இலவசமாகத் தருகிறார்கள். பூட்டை உடைத்தவர் உள்ளே எதை வைத்தார் என்று யாருக்குத் தெரியும்?

அடைக்காத ஓட்டை வழியாக வரும். வான்னாகிரை வந்த வழி அது.

இன்னும் ஒரு வழி உண்டு. அதுதான் வேடிக்கை. காவலாளி வேடத்திலேயே திருடன் வருவான். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

6. பொய்க் காவலாளி

சந்திரகிரியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அம்மா தையல் வேலை செய்கிறார். மூன்று வருடக் கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. யாருக்கு என்ன அளவு, யார் பாக்கி என்பதெல்லாம் அதில் உண்டு. இறந்துபோன தாத்தாவின் படங்களும் அதில்தான் இருக்கின்றன. மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு நாள் அம்மா ஜாக்கெட் மாதிரி தேடிக்கொண்டிருந்தார். திடீரென்று திரை முழுவதும் சிவப்பானது. 'பீப், பீப்' என்று சத்தம் வந்தது.

"பாப்பா, சீக்கிரம் வா. என்னமோ ஆகிவிட்டது. 5 வைரஸ் இருக்கிறதாம். உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யச் சொல்கிறது."

"போன் செய்துவிட்டாயா அம்மா?"

"இல்லை. போனை எடுத்தேன். அதற்குள் நீ வந்துவிட்டாய்."

"நல்ல வேளை. அது பொய். இணையப் பக்கம் ஒன்று காட்டும் விளம்பரம் அது. நம் கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? தெருவில் போகிறவன் கதவைத் தட்டி, 'உங்கள் பீரோவில் கரையான் இருக்கிறது, சாவியைக் கொடுங்கள்' என்று சொன்னால் கொடுப்பாயா?"

"கொடுக்க மாட்டேன். விரட்டிவிடுவேன்."

"இதையும் விரட்டு. அந்தப் பக்கத்தை மூடிவிடு. மூட முடியவில்லை என்றால் கம்ப்யூட்டரை நிறுத்திப் போடு. அவ்வளவுதான்."

"போன் செய்திருந்தால் என்ன ஆகும்?"

"கம்பெனி ஆள் போலப் பேசுவார்கள். ஒரு மென்பொருளை ஏற்றச் சொல்வார்கள். ஏற்றினால் நம் கம்ப்யூட்டர் அவர்கள் கைக்குப் போய்விடும். பழுது பார்த்ததற்குப் பணமும் கேட்பார்கள்."

அம்மா பெருமூச்சு விட்டார். பிறகு கேட்டார்: "அப்படியானால் உண்மையான காவல் எது? நாம் எதை வைத்துக்கொள்வது?"

நல்ல கேள்வி. பதிலைப் பார்ப்போம்.

7. காவல் மென்பொருள் என்ன செய்யும்?

கெடுக்கும் மென்பொருளைப் பிடிக்கும் மென்பொருளுக்கு ஆண்டிவைரஸ் என்று பெயர். அது இரண்டு விதமாக வேலை செய்கிறது.

ஒன்று, அடையாளம் பார்ப்பது. போலீஸ் ஸ்டேஷனில் பழைய திருடர்களின் படம் ஒட்டியிருப்பார்கள். அது போல ஆண்டிவைரஸிடமும் ஒரு பட்டியல் உண்டு. உள்ளே வரும் ஃபைலை அந்தப் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தினால் பிடித்துத் தனியே அடைத்து வைக்கும். புதிய திருடர்கள் தினமும் வருகிறார்கள். ஆகவே பட்டியலும் தினமும் புதிதாக வேண்டும். புதுப்பிக்காத ஆண்டிவைரஸ், கண் தெரியாத காவலாளி.

இரண்டு, நடத்தையைப் பார்ப்பது. ஒரு மென்பொருள் நூறு ஃபைல்களை மளமளவென்று பூட்டத் தொடங்கினால் அது சந்தேகம். பட்டியலில் இல்லாவிட்டாலும் தடுத்து நிறுத்தப் பார்க்கும்.

ஆனால் எந்த ஆண்டிவைரஸும் முழுக் காவல் அல்ல. பாஸ்வேர்டையோ ஓ.டி.பி. எண்ணையோ நீங்களே ஒருவரிடம் சொல்லிவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

8. எதைத் தேர்ந்தெடுப்பது?

முதல் படி: வீட்டில் இருப்பதைப் பாருங்கள்.

கடைக்குப் போகும் முன் அடுப்படியில் இருப்பதைப் பார்ப்போம் அல்லவா? அது போலத்தான். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், விண்டோஸோடு சேர்ந்தே ஆண்டிவைரஸ் ஒன்று வருகிறது. அதன் பெயர் டிஃபெண்டர். தனிக் காசு வேண்டாம். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் அது உண்டு. "விண்டோஸ் செக்யூரிட்டி" என்ற பகுதியைத் திறந்தால் தெரியும். பச்சைக் குறி இருந்தால் காவல் நடக்கிறது. மஞ்சள் அல்லது சிவப்பு இருந்தால் ஏதோ செய்ய வேண்டியிருக்கிறது. அங்கேயே என்ன என்று எழுதியிருக்கும். படித்துப் பாருங்கள்.

சாதாரண வீட்டு உபயோகத்துக்குப் பலருக்கு இதுவே போதும். ஆனால் புதுப்பித்து வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஒரு காவலாளி போதும்.

இரண்டு ஆண்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒன்று மற்றொன்றைத் திருடன் என்று சந்தேகப்படும். கம்ப்யூட்டர் ஆமை போல நகரும். வேறு ஆண்டிவைரஸ் ஒன்றை ஏற்றினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஆகவே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கெடு முடிந்ததா என்று பாருங்கள்.

புதிய கம்ப்யூட்டரோடு சில சமயம் வேறு கம்பெனி ஆண்டிவைரஸ் வரும். சில நாட்களுக்கு மட்டும் இலவசம். கெடு முடிந்ததும் புதுப்பித்தல் நின்றுவிடும். பெயர்ப் பலகை இருக்கும், காவலாளி இருக்க மாட்டார். பணம் கட்டித் தொடருங்கள். அல்லது அதை முழுவதும் நீக்கிவிட்டு டிஃபெண்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும்.

நான்காம் படி: காசு கொடுத்து வாங்குவதானால் விசாரியுங்கள்.

இந்தியாவிலேயே ஆண்டிவைரஸ் தயாரிக்கிறார்கள். கே7 சென்னைக் கம்பெனி. குயிக் ஹீல் புனேக் கம்பெனி. வெளிநாட்டுக் கம்பெனிகளும் பல உண்டு. காசு கொடுத்தால் கூடுதலாக என்ன கிடைக்கும்? பிள்ளைகள் எதைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி சிலவற்றில் உண்டு. போனுக்கும் சேர்த்துக் காவல் தருபவை உண்டு. சந்தேகம் கேட்க ஆள் கிடைப்பதும் உண்டு. இவை உங்களுக்குத் தேவையா என்று யோசியுங்கள்.

வாங்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை கம்ப்யூட்டருக்கு? எத்தனை வருடத்துக்கு? அடுத்த வருடம் விலை எவ்வளவு? பாங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போகுமா? முதல் வருடம் குறைந்த விலை சொல்லி, அடுத்த வருடம் கூடுதலாக எடுப்பது உண்டு.

எல்லாக் கம்பெனியும் "நாங்களே முதல்" என்றுதான் சொல்லும். விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஆண்டிவைரஸ்களைச் சோதித்துப் பார்க்கும் தனி அமைப்புகள் இருக்கின்றன. ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட் இருக்கிறது. ஆஸ்திரியாவில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இருக்கிறது. எது எத்தனை வைரஸைப் பிடித்தது, எது கம்ப்யூட்டரை மந்தமாக்கியது என்று சோதித்து இணையத்தில் வெளியிடுகின்றன. அதைப் பார்க்கக் காசு இல்லை. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: இலவசம் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

ஆவாஸ்ட் என்ற ஆண்டிவைரஸை உலகமெங்கும் பலர் இலவசமாகப் பயன்படுத்தினார்கள். அவர்கள் எந்தெந்த இணையப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தைக் கம்பெனி சேகரித்து, தன் கிளை நிறுவனம் மூலம் விற்றது. செய்தி வெளியே வந்ததும் 2020இல் அந்தக் கிளையை மூடியது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வணிக ஆணையம் ஆவாஸ்ட் மீது நடவடிக்கை எடுத்தது. 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. காவலுக்கு வந்தவர் வீட்டுச் செய்தியை வெளியே சொல்லிக்கொண்டிருந்தார் என்பதே புகார்.

இலவசம் எல்லாமே மோசம் அல்ல. இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் கருவிகளை அது இலவசமாகவே தருகிறது. யார் தருகிறார், எதற்குத் தருகிறார் என்று பார்ப்பதே முக்கியம்.

ஆறாம் படி: வாங்கும் இடம்.

கம்பெனியின் சொந்த இணையத் தளத்திலிருந்தோ, நம்பிக்கையான கடையிலிருந்தோ மட்டும் வாங்குங்கள். திடீரென்று திரையில் வரும் விளம்பரத்திலிருந்து வேண்டாம். பூட்டு உடைத்த ஆண்டிவைரஸ் வேண்டவே வேண்டாம். திருடனையே காவலுக்கு வைப்பதற்குச் சமம் அது.

9. காவலாளி மட்டும் போதாது

வான்னாகிரை சொல்லித்தந்த பாடம் இதுதான். நல்ல ஆண்டிவைரஸ் எது என்று பத்து நாள் தேடுகிறோம். ஆனால் "புதுப்பிக்கவா?" என்று விண்டோஸ் கேட்டால் "பிறகு" என்று தள்ளுகிறோம். தேடுவதைவிட இதுதான் முக்கியம்.

புதுப்பியுங்கள். அப்டேட் என்று வந்தால் அன்று இரவே விடுங்கள். பழைய விண்டோஸுக்கு ஓட்டை அடைப்பது ஒரு நாளில் நின்றுவிடும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்று நின்றது. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். பழையதாக இருந்தால் மாற்ற வழி தேடுங்கள். உடனே மாற்ற முடியாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் பாங்கி வேலை வேண்டாம்.

நகல் எடுத்து வையுங்கள். இதுதான் கடைசிக் காவல். தனி ஹார்டு டிஸ்க் ஒன்றில் முக்கியமான ஃபைல்களை நகல் எடுங்கள். எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். மாதம் ஒரு முறை எடுத்தால் நல்லது. விதை நெல்லை எப்படித் தனியே எடுத்து வைப்போமோ அப்படி. நகல் இருந்தால் மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம்.

பென் டிரைவைச் சோதியுங்கள். வெளியே போய் வந்த பென் டிரைவை மாட்டியதும் ஆண்டிவைரஸால் சோதித்துவிட்டுத் திறங்கள்.

கேட்டுவிட்டுத் திறங்கள். தெரிந்தவர் பெயரில் எதிர்பாராத ஃபைல் வந்தால், "நீங்கள்தான் அனுப்பினீர்களா?" என்று போனில் கேளுங்கள்.

10. நுழைந்துவிட்டால் என்ன செய்வது?

பதற வேண்டாம். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வயரைக் கழற்றுங்கள். வைஃபையை நிறுத்துங்கள். வீட்டில் உள்ள மற்றக் கம்ப்யூட்டருக்குப் பரவாமல் இருக்கும்.

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தாலும் ஃபைல் திரும்பும் என்று உறுதி இல்லை. கொடுக்கிறவரிடம் மறுபடியும் கேட்பார்கள். சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி உண்டு. "நோ மோர் ரான்சம்" என்ற கூட்டு முயற்சி 2016இல் தொடங்கியது. ஐரோப்பியக் காவல்துறை அமைப்பு அதில் பங்கு கொண்டது. அதன் இணையத் தளத்தில் அந்தச் சாவிகள் கிடைக்கின்றன. எல்லாப் பூட்டுக்கும் சாவி இல்லை. இருந்தாலும் தேடிப் பார்க்கலாம்.

வேறு கம்ப்யூட்டரிலிருந்து அல்லது போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

பாங்கிப் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இணையக் குற்றத்துக்கான அரசு உதவி எண் அது. பாங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். காவல்துறைக் கம்ப்யூட்டரே மாட்டியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நினைவில் வையுங்கள்

காவலாளி ஒருவர் போதும். அவர் விழித்திருக்க வேண்டும்.
ஓட்டையை அன்றே அடைக்க வேண்டும்.
பயமுறுத்தும் திரையை நம்பக் கூடாது.
நகல் ஒன்று பீரோவில் இருக்க வேண்டும்.

புதிய சொற்கள்

மென்பொருள் - கம்ப்யூட்டருக்குத் தரும் கட்டளைகளின் தொகுப்பு
ஆண்டிவைரஸ் - கெடுக்கும் மென்பொருளைப் பிடிக்கும் மென்பொருள்
அப்டேட் - புதுப்பித்தல், ஓட்டை அடைத்தல்
ரான்சம்வேர் - ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்

சரியா, தவறா?

1. இரண்டு ஆண்டிவைரஸ் போட்டால் இரண்டு மடங்கு பாதுகாப்பு.
2. வான்னாகிரை வரும் முன்பே ஓட்டையை அடைக்க வழி வந்திருந்தது.
3. நகல் எடுத்த ஹார்டு டிஸ்கை எப்போதும் மாட்டியே வைக்க வேண்டும்.

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. இணையத்தில் பணம் பறிபோனால் அழைக்க வேண்டிய எண் ________.
2. விண்டோஸோடு சேர்ந்து வரும் ஆண்டிவைரஸின் பெயர் ________.

கூடிப் பேசுங்கள்

1. வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போனிலும் உள்ளவற்றில் எது தொலைந்தால் மறுபடி கிடைக்காது?
2. பயமுறுத்தும் செய்தி உங்கள் திரையில் வந்தது உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?

செய்து பாருங்கள்

இன்று மாலை கம்ப்யூட்டரைத் திறங்கள். பச்சைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக எந்தத் தேதியில் புதுப்பித்தது என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள்.